நடுவில் ஒரு காய்

முதல் இரவு காய்களைக் கட்டத்துக்குள் வைத்தேன்.
சஃபூரா மச்சி ஒன்றும் சொல்லவில்லை.
தொதல் பிசுக்கை முந்தானையில் துடைத்துவிட்டு
ஒவ்வொன்றாய் இழுத்து நிறுத்தினாள்
கோடும் கோடும் முட்டுகிற இடத்தில்.
"வூட்டுக்குள்ள இல்ல. முக்குல நிக்கணும்."
சிவப்பை எனக்குத் தந்தாள்.
சிவப்புதான் முதலில் நகரவேண்டும்.

மாவட்டப் போட்டியில் இரண்டு கோப்பை வாங்கியவள் நான்.
கீழக்கரையில் பாதிப் பிள்ளைகளுக்கு
செஸ் கடிகாரத்தை அடிக்கச் சொல்லிக்கொடுத்த கை இது.
அந்தக் கைதான் குதிரையைத் தூக்கித் தாண்டப் போயிற்று.
"பக்கத்துல காய் நிக்குது, காலு இடிக்கும்" என்றாள்.
குதிரைக்குக் கால் இருப்பதை
நாற்பத்தோரு வயதில் கேள்விப்படுகிறேன்.

யானையும் மோசம் செய்தது.
எனக்கு யானை என்றால் மூலையில் நின்று நேராக ஓடுவது.
இங்கே அந்த வேலை தேருக்கு.
யானை குறுக்கே இரண்டடி வைக்கும்,
ஆற்றங்கரையில் நின்றுவிடும்.
ஆறு என்றால் பலகை நடுவே ஒரு வெறும் பட்டை.
தண்ணீர் இல்லை.
வைகை எங்கள் பக்கம் வருகிற லட்சணத்தைப் பார்த்தவளுக்கு
அதிலொன்றும் ஆச்சரியமில்லை.
ஆனாலும் யானையை இறக்கப் பார்த்தேன், மூன்று முறை.

இல்லாத ராணியைத் தேடி
எத்தனை ஆட்டம் தோற்றேன், கணக்கில்லை.
ஒரு சிப்பாயைக் கடைசிக் கோடுவரை ஓட்டிப்போய்
கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.
மச்சி சிரித்ததில் மேசை ஆடியது.
"அங்க போனா கெழவன்.
பக்கவாட்டுல நடப்பான், திரும்ப மாட்டான், அவ்ளோதான்."
ஈப்போவில் அவள் வாப்பாவின் கடைக்கு அடுத்து
சீனர் காப்பிக்கடை. அங்கே கற்றது.
பன்னிரண்டு வயதில் பெரியவர்களிடம் காசு ஜெயித்திருக்கிறாள்.

பீரங்கி மட்டும் எனக்கு உடனே பிடிபட்டது.
வெட்ட வேண்டுமென்றால் நடுவில் ஓர் ஆள் வேண்டும்,
அந்த ஆளின் தலைக்கு மேலே போய் விழும்.
பெரியம்மாவும் மாமியும் பேசிக்கொண்ட வீட்டில்
நடுவில் உட்கார்ந்து சோறு தின்றவளுக்கு
இதைப் பாடமாகச் சொல்ல வேண்டுமா?

பதினாறாம் நாள்
என் ராஜாவுக்கு நகர இடமில்லை. ஆனால் முற்றுகையுமில்லை.
தப்பித்தேன் என்று கையை நீட்டினேன், அரைப்புள்ளிக்கு.
அவள் கையைப் பிடிக்கவில்லை.
"நகர முடியலன்னா தோத்தாச்சு.
அதுக்கு எதுக்கு பாதி?"

அன்று ஜெட்டிப் பக்கமிருந்து வந்த காற்றில்
பாசி நாற்றம் அதிகமாக இருந்தது. தூக்கம் வரவில்லை.

இந்த வீடு எனக்கு எழுதியது.
எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்குத்தான், காக்காவுக்கும் தெரியும்.
ஆனால் பின்கட்டு அவர் பினாங்கிலிருந்து அனுப்பிய பணம்.
அதை நான் கேட்காமல் வாடகைக்கு விட்டேன்.
ஆறு வருடம்.
பெருநாள் சலாம்கூட மச்சியின் வாயால்தான்
அங்கிருந்து இங்கே, இங்கிருந்து அங்கே.

ராஜாக்கள் ஒரே கோட்டில் முகம் பார்க்கக்கூடாது
என்பதுதான் எனக்குக் கடைசிவரை மறந்துபோன விதி.
நடுவிலிருக்கும் ஒற்றைக் காயைச் சும்மா எடுத்துவிடுவேன்.
அவள் மணிக்கட்டைப் பிடிப்பாள்:
"அத எடுக்கக்கூடாது. அது தொறந்துடும்."

வியாழன் இரவு. விடிந்தால் மதுரை விமானம்.
பலகையில் காய்களை அடுக்கி வைத்திருந்தோம்.
காக்கா கூப்பிட்டார், வீடியோவில்.
எப்போதும் அவள் போனைத் தன் மடிப்பக்கம் திருப்பிக்கொள்வாள்.
இன்று சீனி டப்பாவில் சாய்த்து நிறுத்தினாள்.
"அடுப்புல பால் வச்சிருக்கேன்" என்று எழுந்து போனாள்.

அன்று நாங்கள் பால் வாங்கவே இல்லை.

தாடி முழுக்க வெளுத்திருந்தது.
என்னைப் பார்க்காமல் பலகையைப் பார்த்தார்,
நானும் பலகையைத்தான் பார்த்தேன்.
உள்ளே ஒரு பாத்திரம், வேண்டுமென்றே, உருண்டது.

"செவப்பு யாரு?" என்றார் காக்கா.

நான்தான் என்றேன்.